கேட்கவில்லை

என் தங்கையை அடித்த கதையை அவள் புருஷன் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அந்த மண்டபமே கைதட்டியது.

அடையாறில் இருக்கும் கல்யாண மண்டபம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள் அதை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறார்கள். மணமக்கள் உட்காரும் மேடையில் கீபோர்டு, டிரம்ஸ், நடுவில் கண்ணாடியில் செய்த பிரசங்கப் பீடம். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை, கத்தோலிக்கக்காரி. சாந்தோமில் பிறந்து, சாந்தோம் கோயிலில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கி, அங்கேயே ஞாயிறு பூசைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள். வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை போன் பண்ணி, "அக்கா, அவரு நாளைக்கு சாட்சி சொல்றாராம். என்னை முன் வரிசையில உக்காரச் சொல்லியிருக்காங்க. தனியா உக்கார ஒரு மாதிரி இருக்கு, நீயும் வாயேன்" என்றாள். அதனால் போனேன்.

சாட்சி என்றால் இரட்சிக்கப்பட்டவர்கள் தங்கள் பழைய வாழ்க்கையை எல்லோர் முன்னாலும் சொல்வது. எவ்வளவு கேவலமாக இருந்தேன், கர்த்தர் என்னை எப்படித் தூக்கினார் என்று. பழைய வாழ்க்கை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு சாட்சிக்கு மதிப்பு. தங்கை புருஷன் நன்றாகப் பேசுவான். விற்பனைப் பிரிவில் இருப்பவன், எங்கே குரலை இறக்க வேண்டும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். குடித்ததைச் சொன்னான். சம்பளத்தை அழித்ததைச் சொன்னான். பிறகு இவளைக் கை காட்டினான்.

"இவங்களை நான் அடிக்காத பொருள் கிடையாது. பெல்ட்டால அடிச்சிருக்கேன். குக்கர் மூடியால அடிச்சிருக்கேன். ஒருநாள் ஒரே அறை. அதோட இவங்க இடது காது போச்சு."

குரல் உடைந்தது. அழுதான். சுற்றிலும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முணுமுணுப்பு. "ஆனா என் தேவன் என்னைக் கழுவினாரு. என் பாவத்தை அவரு இனி நினைக்கவே மாட்டாரு" என்றான். அப்போதுதான் கைதட்டினார்கள்.

அவன் அடிப்பான் என்று எனக்குத் தெரியும். ஆனால் காது விஷயம் தெரியாது. குளியலறையில் வழுக்கி விழுந்து தண்ணீர்க் குழாயில் இடித்துக்கொண்டேன் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். ராயப்பேட்டையில் ஒரு காது டாக்டரிடம் நான்தான் அவளைக் கூட்டிப் போனேன். அவனும் வந்தான். அவளுடைய கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தான். நான் குடித்தேன். டாக்டர் நரம்பு போய்விட்டது, இனி வராது என்று சொன்னபோது, "பரவாயில்ல டாக்டர், நான் இருக்கேன், பாத்துக்கறேன்" என்றான். இத்தனை வருஷம் கழித்து, முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, அதே காதைப் பற்றிய உண்மையை நான் தெரிந்துகொள்கிறேன். அதுவும் அவனுக்குப் பெருமை சேர்க்கிற கதையாக.

திரும்பித் தங்கையைப் பார்த்தேன். மடியில் இருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தோடு விட்டிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருப்பேனோ என்னவோ. பாஸ்டர் மேடைக்கு வந்தார். வெள்ளை முழுக்கை சட்டை போட்டவர், குரலை உயர்த்தாமலே கூட்டத்தைக் கட்டிப் போடத் தெரிந்தவர். "பிரதரோட ஆத்துமாவைக் குணமாக்கின தேவன் சிஸ்டரோட காதை விட்டுடுவாரா?" என்று கேட்டார். விடமாட்டார் என்றது கூட்டம். தங்கையை மேலே கூப்பிட்டார்கள். இரண்டு பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். நான் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்து, விடு என்பதுபோல் தலையசைத்துவிட்டுப் போனாள்.

பாஸ்டர் தன் உள்ளங்கையை அவளுடைய இடது காதில் வைத்து ஜெபித்தார். கீபோர்டு மெல்ல ஒலித்தது. கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஜெபம் முடிந்ததும் அவளுடைய நல்ல காதை ஒரு பெண் பொத்தினாள். பாஸ்டர் இடது காதுக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு, மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"கேக்குதா சிஸ்டர்?"

மற்ற காதை அந்தப் பெண் பொத்தியிருந்ததால் இவளுக்கு அந்தக் கேள்வியே விழவில்லை. அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"கேக்கல ஐயா."

கூட்டம் அடங்கிப்போனது. பாஸ்டர் சிரித்தார். மறுபடியும் ஜெபித்தார், இந்த முறை சத்தமாக. விசுவாசத்தோடு சொல்லுங்கள் என்று, நல்ல காதைப் பொத்திய கையை விலக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். இப்போது கேள்வி அவளுடைய நல்ல காதில் விழுந்தது. அவள் புருஷன் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை எனக்குத் தெரியும். தங்கைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"கேக்கல" என்றாள் இவள் மறுபடியும்.

வெளியே வந்ததும் வண்டி நிறுத்துகிற இடத்தில் அவன் அவளிடம் பேசிய தொனி மேடையில் பேசியது இல்லை. சபைக்கு முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாய், கேக்குது என்று சொல்லியிருந்தால் தேவன் அதை நிறைவேற்றியிருப்பார், உன் மனசில் இருக்கும் கசப்புதான் உன் காதை அடைத்திருக்கிறது என்றான். பாஸ்டரும் வந்தார். அவர் கோபப்படவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

"மன்னிக்காத மனசுல அற்புதம் நடக்காது சிஸ்டர். அதுதான் உங்க பாவம். அதை அறிக்கை பண்ணிடுங்க."

அவன் அறைந்து அவள் காது போயிற்று. அவனுடைய பாவம் போய்விட்டது, கழுவியாயிற்று. காது திரும்பி வராதது இப்போது அவளுடைய பாவம். நான் கணக்கு டீச்சர். எந்தக் கணக்கிலும் இப்படி ஒரு விடை வந்து நான் பார்த்ததில்லை.

அங்கேயே நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாயே, வாங்கிக் கொடுத்தாயே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னதாகத் தங்கை பிறகு சொன்னாள். ஆராதனைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த அக்காவுக்காகவும் ஜெபிப்போம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஓர் ஆட்டோவை நிறுத்தி, நான் மட்டும் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். தங்கை அவனோடு போனாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவன் குடியை விட்டது நிஜம். அடியும் நின்றுவிட்டது. கூட வேலை செய்கிற ஒருவர் அந்தச் சபைக்குக் கூட்டிப் போனார். அதற்குப் பிறகு அவன் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. தங்கையே எனக்கு போன் பண்ணி, "அக்கா, வீட்ல வாசனையே இல்லக்கா" என்று சொல்லி அழுதிருக்கிறாள். நானும் சந்தோஷப்பட்டேன். எந்தச் சபையாக இருந்தால் என்ன, மாதா கண் திறந்தாள் என்று மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் வேறு ஒன்று குடியேறியது. எங்களைப் போலக் கத்தோலிக்கனாகச் செபம் என்று சொன்னவன் சபைக்காரர்களைப் போல ஜெபம் என்று சொல்ல ஆரம்பித்தான். மீட்பு போய் இரட்சிப்பு வந்தது. அதில் எனக்கு ஒன்றுமில்லை, வார்த்தைதானே. எங்கள் அம்மா தங்கைக்குக் கல்யாணத்தில் கொடுத்த மாதா படத்தை விக்கிரகம் என்று இறக்கிப் பரணில் போட்டான். அவள் கம்மலைக் கழற்றச் சொன்னான். பூ கூடாது, டிவி கூடாது, பரிசுத்த ஜீவியம் செய்கிற வீட்டில் சிரிப்புச் சத்தம் வாசல் வரைக்கும் வரக் கூடாது. முன்பெல்லாம் அவன் வண்டிச் சத்தம் கேட்டால் அடிக்கு பயந்து ஒடுங்குவாள். இப்போது அவன் சொல்லும் பைபிள் வசனத்துக்கு பயந்து ஒடுங்கினாள். கை ஓங்குவதுதான் நின்றிருந்தது. அவர்கள் மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள், அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அதற்கும் ஒரு பேர் வைத்திருந்தான். அவள் உலகத்தோடு போய்விட்டாளாம்.

எங்கள் பக்கத்தையும் நான் விட்டுவைக்க மாட்டேன். அவன் குடித்து அடித்த காலத்தில் நான் எங்கள் பங்குக் கோயில் சாமியாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். அப்போதிருந்தவர் வயதானவர். திருமணம் கடவுள் சேர்த்துவைத்த அருட்சாதனம் அம்மா, மனிதன் பிரிக்கக் கூடாது, ஒவ்வொருவருக்கும் ஒரு சிலுவை இருக்கிறது, பொறுமையாகச் சுமக்கச் சொல் என்றார். நானும் அதைப் போய் அவளிடம் சொன்னேன். சிலுவை சுமப்பதற்கென்றே எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகளைப் பெற்றுப்போடுகிறார்கள் போலிருக்கிறது. எந்தச் சாமியாரும் எந்த ஆம்பளையிடமும் போய், அந்தச் சிலுவையை நீ செய்யாதே என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி எனக்கு போன் பண்ணினாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். தங்கைக்குக் காது வந்துவிட்டதாமே, வீடியோ பார்த்தேன், உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது என்றாள். சபைக்காரர்கள் அந்த சாட்சியை யூடியூபில் போட்டிருந்தார்கள். எங்கள் பங்கு வாட்ஸ்அப் குழுவில்கூட யாரோ அதை அனுப்பியிருந்தார்கள். திறந்து பார்த்தேன். அவன் பேசுகிறான், அழுகிறான். இவள் மேடை ஏறுகிறாள். பாஸ்டர் காதில் கை வைக்கிறார். உடனே கூட்டம் அல்லேலூயா என்று எழும்புகிறது, பாட்டு வருகிறது, முடிந்துவிட்டது. அவள் சொன்ன 'கேக்கல' இரண்டையும் காணோம். வெட்டி எடுத்துவிட்டார்கள்.

நான் அதைத் தங்கைக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், அவள் என் வீட்டு வாசலில் ஒரு பையோடு நிற்கிறாள். எத்தனையோ அடிக்கு வெளியே வராதவள் இதற்கு வந்துவிட்டாள். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "நான் சொன்னது அவ்வளவுதான்க்கா, ரெண்டு வார்த்தை. அதையும் எடுத்துட்டாங்க" என்றாள்.

நான் அந்தச் சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இப்போது இருக்கிற சாமியார் இளவயது. ஒருவனை வெறுக்கிறேன், அவன் செத்துப்போகட்டும் என்று நினைக்கிறேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆண்டவர் எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிக்கச் சொல்லியிருக்கிறார், உங்கள் தங்கைக்கும் அதைச் சொல்லி, குடும்பம் சேர்வதற்கு நீங்கள் ஒரு கருவியாக இருக்கலாமே என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முழங்காலில் இருந்து எழுந்துவிட்டேன். "சாமி, நான் உங்க கோயில்லதான் பிள்ளைங்களுக்கு சொல்லித்தர்றேன். ஒருத்தன் பென்சிலைத் திருடிட்டு கடவுள்கிட்ட மன்னிப்பு கேட்டா போதாது, பென்சிலைத் திருப்பிக் கொடுக்கணும்னு சொல்றேன். மனம் வருந்தறது, அறிக்கை, பரிகாரம், எல்லாம் பாவம் செஞ்சவனுக்குத்தானே? அடி வாங்கினவளுக்கு எதுக்கு சாமி பரிகாரம்?" என்று கேட்டேன். வெளியே வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும். அவர் பதில் சொல்வதற்குள் வந்துவிட்டேன். பாவமன்னிப்பு வாங்காமல் வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் நல்லவர் என்றுதான் சொல்ல வேண்டும். சில நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். என்னிடம் பேசவில்லை. தங்கையின் எதிரில் உட்கார்ந்து, உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்டார். இதை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். நானே கேட்டதில்லை. "அந்த வீடியோவை எடுக்கணும் சாமி" என்றாள். அது அவர் கையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். பங்குக் குழுவில் மட்டும் அதை நீக்கச் சொல்லி, அது உண்மையல்ல என்று தன் பேரில் எழுதிப் போட்டார்.

பாஸ்டரும் வந்தார், அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு. என் வீட்டுக் கூடத்தில் மாதா படத்துக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். தங்கை வீடியோவை எடுக்கச் சொன்னாள். அதைப் பார்த்து எத்தனையோ பேர் மனந்திரும்புகிறார்கள் சிஸ்டர், ஒருவேளை அந்தக் காட்சி இனி நடக்கப்போவதற்கு முன்னடையாளமாக இருக்கலாம் என்றார் பாஸ்டர். பிறகு மன்னிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நான் குறுக்கே போனேன். "ஐயா, இவரு இவகிட்ட மன்னிப்பு கேட்டாரா?"

"சபைக்கு முன்னாடியே அறிக்கை செஞ்சாரே சிஸ்டர். அதைவிட வேற என்ன வேணும்?"

"சபையையா அடிச்சாரு?"

பாஸ்டர் எழுந்தார். ஜெபித்துவிட்டுக் கிளம்புகிறோம் என்றார். என் வீட்டில் வேண்டாம் என்றேன். என் வாழ்க்கையில் ஜெபம் செய்யாதே என்று ஒருவரைத் தடுத்தேன் என்றால் அதுதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, பள்ளி விடுமுறை நாள் ஒன்றில், மதியச் சாப்பாடு முடிந்த நேரம் அவன் தனியாக வந்தான். இளைத்திருந்தான். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். கையில் வேதாகமம் இருந்தது. நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன், கேட்கிற தூரத்தில். உட்கார்ந்ததும் அவன் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைத் தேடினான்.

தங்கை அதை மூடச் சொன்னாள். "அது வேணாம். மைக்ல சொன்னீங்கல்ல, பெல்ட்டு, குக்கர் மூடி, காது. அதையெல்லாம் எங்கிட்ட சொல்லுங்க. என் முகத்தைப் பாத்து சொல்லுங்க. சொல்லிட்டு, தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க. நான் இப்பவே கிளம்பி வர்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருகிறேன் என்கிறாளே. வெளியே போய்க் கத்தலாமா என்று நினைத்தேன். ஆனால் அவள் விலையை அவள் சொல்கிறாள், நான் யார் குறுக்கே போக என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷ வேலை. அழக்கூட வேண்டாம். ஒரு மண்டபத்துக்கே சொன்னவன் ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டும்.

அவன் வேதாகமத்தின் அட்டையைத் தடவினான். கடைசியில் சொன்னான்:

"அதெல்லாம் பழைய மனுஷன் செஞ்சது. அவன் செத்துட்டான். நான் கிறிஸ்துவுக்குள்ள புது மனுஷன். செத்தவன் செஞ்சதை எதுக்குத் தோண்டணும்?"

தங்கை கேட்டாள்:

"என் புருஷன் செத்துட்டாருன்னா நான் விதவை. நீங்க யாரோ புது ஆளு. உங்க கூட நான் எதுக்கு வரணும்?"

அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. நான் சமையலறையில் இருந்து வெளியே வந்துவிட்டேன், கையில் கரண்டியோடு. ஆனால் அவன் கை ஓங்கவில்லை. உன் ஆத்துமாவுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். தங்கை நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். அவன் அடித்ததற்கெல்லாம் என் முன்னால் அழாதவள் அன்று சாயங்காலம் வரை அழுதாள். அவன் சொல்லிவிடுவான் என்று உள்ளுக்குள் நம்பியிருந்திருக்கிறாள்.

அந்த வாரமே அவள் தன் போனில் அந்த வீடியோவைத் திறந்து, கீழே எல்லோரும் ஆமென் ஆமென் என்று போட்டிருந்த இடத்தில் எழுதினாள். எழுதியதை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டி எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கேட்டாள். பிழை இல்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தாள்: "இந்த மனைவி நான்தான். எனக்குக் காது இன்னும் கேட்கவில்லை. அவரும் என்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை."

அதை அழித்தார்கள். அவள் மறுபடி போட்டாள். அழித்தார்கள். போட்டாள். பெங்களூரில் இருந்து மகளும் தன் பேரில் போட்டாள், தன் சிநேகிதிகளையும் போடச் சொன்னாள். முன்பின் தெரியாத பெண்கள் வந்து, எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று எழுத ஆரம்பித்தார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் வீடியோவையே காணோம்.

அவன் அதே சபையில்தான் இருக்கிறான். இப்போது சபையை நடத்துகிற மூப்பர்களில் ஒருவனாம். ஆண்களுக்குக் குடும்ப வாழ்க்கை பற்றிப் பேசுகிறான் என்று கேள்வி. சாட்சியின் முடிவை மாற்றிவிட்டானாம். மனைவி விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டாள், அவளுக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிறேன் என்கிறானாம். அதற்கும் கைதட்டுகிறார்கள். தங்கை மயிலாப்பூரில் ஒரு நர்சரி பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பூ வைத்துக்கொள்கிறாள்.

எனக்குக் கோபம் தணியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் கடைசியிலாவது தணிந்திருக்கும் என்று எதிர்பார்த்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. சாமியாரிடம் மறுபடி போனேன், மற்ற பாவங்களைச் சொன்னேன், இதைப் பாவமாகச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். சரி, அதைப் பிறகு பார்க்கலாம் என்று ஆசீர்வதித்து அனுப்பினார்.

போன ஞாயிறு பூசை முடிந்து இருவரும் கடற்கரைப் பக்கம் மீன் வாங்கப் போனோம். வழியில் நான் அவனைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். தங்கை நின்றுவிட்டாள்.

"உனக்குக் கோபம் இருந்தா வச்சுக்கக்கா. எனக்காகன்னு சொல்லி என் பேர்ல வச்சுக்காத. எனக்கு வேற வேலை இருக்கு."

சரி என்றேன். என் பேரிலேயே வைத்துக்கொண்டேன். அவள் சங்கரா மீன் கூடையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மீன்காரம்மாவோடு சத்தமாகப் பேரம் பேச ஆரம்பித்தாள்.